மேல அக்கா

குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் சுரங்க ரயில் நிலையத்தைப் பார்ப்பதற்கென்று யாரும் மெனக்கெட்டு வருவதில்லை. காலையில் மூன்று மணி நேரம் ஊரே கீழே இறங்கும். சாயங்காலம் மூன்று மணி நேரம் ஊரே மேலே ஏறும். இடையில் குழந்தை வண்டி தள்ளும் தாய்மார்களும், மருத்துவமனைக்குப் போகும் பெரியவர்களும், பள்ளிக்கு மட்டம் போட்ட ஓரிருவரும்தான். நான்கு வாசல்கள் உண்டு. முதல் வாசல் பள்ளிக்கூடத்துக்கு, இரண்டாவது மருத்துவமனைக்கு, மூன்றாவது அடுக்குமாடி வீடுகளுக்கு. நான்காவது வாசலின் நகரும் படிக்கட்டு எப்போது நின்றது என்பது அதைப் பழுதுபார்க்க வேண்டியவர்களுக்கே மறந்திருக்கும்.

அந்த நிலையத்தின் உதவிக் கவுன்ட்டரில் இருபத்தோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். வயது நாற்பத்தாறு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர், ஒரு தண்ணீர் பாட்டில், முதுகுவலிக்கு ஒரு தலையணை. பயண அட்டையில் கோளாறு வந்தவர்கள் எல்லாரும் இவளிடம்தான் வருவார்கள். உள்ளே போகும்போது அட்டையைக் கதவில் தேய்த்தால் கணக்கில் ‘உள்ளே’ என்று விழும். வெளியே போகும்போது தேய்த்தால் ‘வெளியே’. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஒருவர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் கதவு சிவப்பு விளக்கைக் காட்டித் திறக்க மறுக்கும். அப்போது இவள் காரணத்தைக் கேட்டு, கம்ப்யூட்டரில் போட்டு, அட்டையைச் சரிசெய்து அனுப்ப வேண்டும். ஆள் சொல்வதை நம்பாதே, அட்டை சொல்வதை நம்பு என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம். இவளும் அப்படியே பழகிப்போனாள்.

ஆறு வருடம் முன்பு, ரயிலிலும் நிலையத்திலும் ஒலிக்கும் அறிவிப்புகளையெல்லாம் மாற்ற வேண்டுமென்று தலைமை அலுவலகத்தில் யாருக்கோ ஞானோதயம் வந்தது. ஊழியர்களிலேயே நல்ல குரலாகத் தேடினார்கள். நாற்பது பேரைப் பேசவைத்துக் கடைசியில் இவளைப் பிடித்தார்கள். பஞ்சு ஒட்டிய ஒரு குட்டி அறையில் மூன்று நாள் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள் பேசினாள். கதவுகள் மூடப்படுகின்றன. இந்த ரயில் இத்துடன் நிற்கும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கவும். எல்லாம் நன்றாக வந்தது, ஆபத்துக் கால அறிவிப்பைத் தவிர. ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

“மேடம், நீங்க கெஞ்சுறீங்க. இது கெஞ்சுற இடமில்ல. நீங்க சொன்னா ஜனம் மறுபேச்சு பேசாம நடக்கணும். வீட்ல யாரையாவது அதட்டுவீங்கல்ல? அவங்கள நினைச்சுக்குங்க.”

எரியும் அடுப்பின்மேல் கை வைக்கப்போகும் தம்பியை அவள் நினைத்துக்கொண்டாள். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது. இதற்கெல்லாம் சன்மானமாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது மூன்றே மாதத்தில் நின்றுபோனது.

தம்பிக்கு முப்பத்தொன்பது வயது. ஆள் கதவு உயரம். அறிவு மட்டும் ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது. அம்மா இருந்தவரை அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மா போனபின் பகல் நேரக் காப்பகங்களாக ஏறி இறங்கினாள் அக்கா. ஒரு இடத்தில் முப்பது வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் சேர்த்துக்கொண்டு, ஆள் பெரிய ஆளாக இருக்கிறான், அழுதால் எங்களால் பிடிக்க முடியவில்லை என்று ஒன்பதாம் நாள் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்றார்கள். அது நாலரை வருடம் முன்பு. இதற்கு நடுவில் அவளைப் பெண் பார்க்க வந்த ஒருவர், தம்பியை எங்கேயாவது சேர்த்துவிடலாமே என்று நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். அவள் எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

வேறு வழியில்லாமல் ஒருநாள் தம்பியைத் தன்னோடு நிலையத்துக்கே கூட்டிவந்தாள். கவுன்ட்டருக்குள் வெளியாளை உட்காரவைக்கக் கூடாது. நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தாள். அவன் பெஞ்சில் உட்காராமல் ரயிலில் ஏறிவிட்டான். இவளுக்கு உயிரே போய்விட்டது. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, பாதையின் இரண்டு கோடிகளையும் தொட்டுவிட்டு, போன பெட்டியிலேயே திரும்பி வந்து இறங்கினான். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். மேலே கைகாட்டி, “அக்கா பேசுறா” என்றான்.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவனை அட்டையைத் தேய்க்க வைத்து உள்ளே அனுப்பினாள். பதினேழு நிலையங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அங்கிருந்து திரும்ப இந்தக் கோடி. ஒவ்வொரு நிலையத்திலும் அக்கா குரல். மதியம் ஒரு மணிக்கு இவள் வேலை செய்யும் ஆறாவது நிலையத்தில், இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில், கடிகாரத்துக்குக் கீழே இறங்கி நிற்பான். இவள் கீழே போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்து, கழிவறைக்கு அனுப்பி, மறுபடி ஏற்றிவிடுவாள். நான்கு மணிக்கு வேலை முடிந்ததும் இருவரும் வீட்டுக்கு. அவன் அட்டை சிவப்பு காட்டும். அக்கா தானே கம்ப்யூட்டரில் ‘ரயில் தாமதம்’ என்று காரணம் போட்டுப் பச்சையாக்குவாள். நான்கு வருடமாகத் தினமும் பொய்.

தப்பா? தப்புதான். விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருபவர்கள் முதலில் ஒரே ஒரு நாள் அவனை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், பிறகு பேசலாம்.

நடைமேடை கூட்டும் அம்மாள் அவனுக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வைத்திருந்தாள். “இன்ஸ்பெக்டர் ஐயா, பதினாலாவது ஸ்டேஷன்ல சுத்தமா இருக்கா?” என்று கேட்பாள். அவனும் தீவிரமாக யோசித்து, “குப்பை” என்பான். அவனுக்கு இரண்டு அக்காக்கள். வீட்டு அக்காவிடம் அடம்பிடிப்பான், சாப்பாட்டைத் துப்புவான், குளிக்கச் சொன்னால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வான். மேல அக்கா வேறு. மேல அக்கா சொன்னால் சொன்னதுதான். பின்னால் நில் என்றால் நிற்பான். இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்களும் அவனுக்கு மனப்பாடம். அவள் பாதி சொன்னால் மீதியை அவன் சொல்வான். குளியல் நாளில் இவள் சமையலறைக்குள் மறைந்து நின்று, “பயணிகள் கவனத்திற்கு. குளியலறை திறக்கப்பட்டுள்ளது” என்பாள். கட்டிலுக்கடியிலிருந்து “சரிக்கா” என்று பதில் வரும். அந்த இரண்டு அறை வீட்டில் சிரிப்பதற்கு இருந்தது இவ்வளவுதான்.

அந்த நாள் ஒரு சாதாரண வாரநாள். வெளியே காலையிலிருந்தே குளிர்ந்த தூறல். தம்பிக்கு மழைக்கோட்டு போடவில்லை. எப்போதும் போட்டதில்லை. வீட்டிலிருந்து மூன்றாம் வாசலுக்கு ஏழு நிமிட நடை, ஒரே குடையில் வந்துவிடுவார்கள். அதன்பின் அவனுக்கு வெயிலும் இல்லை மழையும் இல்லை. அரைக்கைச் சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. பத்தரை மணிக்கு கம்ப்யூட்டரில் ஒரு வரி வந்தது: பதினோராவது நிலையத்தில் தீ ஒத்திகை. பதினொன்றுக்கு இன்னொரு வரி: ஒத்திகை முடிந்தது. மாதம் ஒரு நிலையத்தில் நடப்பதுதான். அவள் படித்துவிட்டு மறந்துபோனாள்.

ஒரு மணிக்கு டப்பாவோடு கீழே போனாள். இரண்டாவது தூணுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அடுத்த ரயிலில் வருவான் என்று நின்றாள். அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. எட்டுப் பெட்டிகளிலும் கதவு திறந்து மூடும் அந்த இருபது விநாடிக்குள் கண்ணை ஓட்டினாள். நான்கு வருடத்தில் அவன் ஒரு மணியைத் தவறவிட்டதே இல்லை. கடிகாரம் பார்க்கத் தெரியாது, ஆனால் வயிறு பார்க்கும். ஆறாவது ரயில் போனதும் அவள் டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு, நடைமேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து தேடினாள்.

“என்னக்கா, இன்ஸ்பெக்டரைக் காணோமா?” என்றாள் கூட்டும் அம்மாள்.

“தூங்கிட்டிருப்பான். ஏதாவது பெட்டியில தூங்கிட்டிருப்பான்.”

“அவன் என்னிக்குக்கா பகல்ல தூங்கினான்?”

ஓடிப்போய் கவுன்ட்டரில் உட்கார்ந்து அவன் அட்டையின் எண்ணைத் தட்டினாள். காலை ஏழு மணி நான்கு நிமிடம், ஆறாவது நிலையம், உள்ளே. அவ்வளவுதான். வெளியே என்று எதுவும் இல்லை. அந்த ‘உள்ளே’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. உள்ளே இருக்கிறான். பதினேழு நிலையங்களுக்குள், ரயில்களுக்குள், எங்கேயோ இருக்கிறான். தேடினால் கிடைத்துவிடுவான்.

நேராக நிலைய அதிகாரியிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சின்ன வயது, விதி என்றால் விதி. தம்பி விஷயம் அவருக்குத் தெரியாது. சொன்னால் நான்கு வருடப் பொய்யும் வெளியே வரும், வேலை போகும், வேலை போனால் வீடு, வீடு போனால் அவனை எங்கே வைப்பது. இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே ஐம்பது நிமிடத்தைத் தின்றாள். மற்ற நிலையங்களின் கவுன்ட்டர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, ஏதோ பயணியின் உறவினர் கேட்பதுபோல, உயரமான ஆள், அரைக்கைச் சட்டை, பார்த்தீர்களா என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. அந்த ஐம்பது நிமிடத்துக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை, இன்றைக்கும்.

மதியம் இரண்டு பத்துக்கு ரயில்கள் நின்றன. நிலையம் முழுக்க அவள் குரல் கேட்டது. “தொழில்நுட்பக் காரணத்தால் ரயில் சேவையில் தாமதம் ஏற்பட்டுள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

பயணிகளுக்கு அது வெறும் எரிச்சல். வேலை செய்பவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு வாக்கியத்தை எதற்கெல்லாம் போடுவார்கள் என்று. கதவு சிக்கினாலும் அதுதான், மின்சாரம் போனாலும் அதுதான், தண்டவாளத்தில் ஆள் விழுந்தாலும் அதேதான். கம்ப்யூட்டரில் வந்த வரி: பதினான்காவது நிலையம், தண்டவாளம். மேற்கொண்டு விவரம் இல்லை.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. கவுன்ட்டரின் முன் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு அதிகாரியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். தலைக்கு மேல் அவளுடைய குரலே அழகாக, நிதானமாக, சிரமத்துக்கு வருந்திக்கொண்டிருந்தது. வாயை மூடு என்று கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

“சார், பதினாலுல விழுந்தது யாரு?”

“இன்னும் தெரியல. ஏன் மேடம்?”

“என் தம்பியா சார்? என் தம்பியான்னு கேட்டுச் சொல்லுங்க சார்.”

மேசையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். நான்கு வருடம், ஏழு மணி, ஒரு மணி, ரயில் தாமதம், காப்பகம், கட்டில், அடுப்பு, எது முன் எது பின் என்றில்லாமல். அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. அவர் திட்டவில்லை. போனை எடுத்துப் பதினான்காவது நிலையத்தைப் பிடித்தார். எதிர்முனை பேசி முடிக்கும்வரை அவள் அவர் உதட்டையே பார்த்தாள்.

“பை மேடம். யாரோ பள்ளிக்கூடப் பையைத் தவறவிட்டுட்டாங்களாம். ஆள் யாரும் இல்ல.”

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி வேலையைப் பார்த்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். எல்லா நிலையங்களிலும் கழிவறை, மின்தூக்கி, நடைமேடையின் இருண்ட மூலைகள், எல்லா ரயில்களின் எட்டுப் பெட்டிகளும் பார்க்கப்பட்டன. கேமராப் பதிவைக் கேட்டார், நேரமாகும் என்றார்கள். “வெளியே போய் எங்கயாச்சும்...” என்று கூட்டும் அம்மாள் இழுத்தபோது, அக்காவும் அதிகாரியும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

“அட்டை உள்ளேன்னு காட்டுது.”

“அப்ப சரி” என்றாள் அவள். அட்டை இல்லாமல் நடைமேடையைக் கூட்டுகிறவள், பாவம், அட்டையோடு வாதாட முடியுமா?

ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று மணி ஆனது, மூன்றரை ஆனது. அவள் நடைமேடையின் ஓரத்துக்குப் போய்ச் சுரங்கத்துக்குள் பார்த்தாள். அங்கே ஒரு சின்ன இரும்புப் படி உண்டு, ஊழியர்கள் தண்டவாளத்துக்கு இறங்குவதற்கு. அதில் இறங்கி அவன் நடந்தே போயிருந்தால்? அந்த இருட்டுக்குள் அவள் குரல் ஒலிக்காது. அங்கே அவனிடம் நில் என்று சொல்ல யாரும் இல்லை. “தம்பி” என்று கூப்பிட்டாள். பிறகு இன்னும் சத்தமாக. நடைமேடையில் நின்றவர்கள் விலகி நின்றார்கள். அதிகாரி அவள் தோளைத் தொட்டு மேலே கூட்டிவந்து கவுன்ட்டரில் உட்காரவைத்து, கையில் தண்ணீரைக் கொடுத்தார்.

அப்போது கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். கையில் நனைந்த குடை, மறுகையில் பயண அட்டை.

“கதவு திறக்க மாட்டேங்குதுங்க. சிவப்பு விளக்கு எரியுது.”

இருபத்தோரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? கண்ணில் நீர் வழிய, கை தானாக நீண்டு அட்டையை வாங்கி எந்திரத்தில் வைத்தது.

“நீங்க உள்ள இருக்கீங்கன்னு காட்டுதுங்க.”

“நான் உங்க முன்னாடிதானே நிக்கிறேன்! காலைல பதினோராவது ஸ்டேஷன்ல ஏதோ ஒத்திகைன்னு எங்க எல்லாரையும் ரயிலைவிட்டு இறக்கி வெளிய அனுப்பினாங்க. கதவெல்லாம் திறந்தே கிடந்துச்சு, அட்டைய எங்க தேய்க்கிறது? மழைல நின்னதுதான் மிச்சம்.”

தண்ணீர் டம்ளர் அவள் கையிலிருந்து விழுந்தது. ஒத்திகை என்றால் கதவுகள் தாமாகத் திறந்துகொள்ளும். வெளியே போகிற எவருடைய அட்டையும் ‘வெளியே’ என்று பதியாது. இது அவளுக்குத் தெரியாதா? புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். ஒவ்வொரு ஒத்திகைக்கும் மறுநாள் முப்பது பேர் இதே கவுன்ட்டரில் இதே சண்டையைப் போட்டிருக்கிறார்கள். அட்டையை நம்பி நம்பி, பெற்ற தாய்க்குச் சமமாக அவனை வளர்த்தவளுக்குத் தம்பியின் புத்தி எப்படி வேலை செய்யும் என்பது மறந்துபோயிருந்தது.

ஒத்திகையில் ஒலிக்கும் அறிவிப்பு அவளுடையது. எரியும் அடுப்பை நினைத்து அதட்டிய அதே அறிவிப்பு. “அனைவரும் உடனே வெளியேறவும். பச்சைப் பலகை உள்ள இடத்தில் கூடவும். மறு அறிவிப்பு வரும் வரை நிலையத்துக்குள் வர வேண்டாம்.” வெளியேறு என்பதற்கு வாக்கியம் பதிவு செய்தவர்கள், திரும்பி வா என்பதற்கு ஒன்று பதிவு செய்யவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. ஒத்திகை முடிந்ததும் காவலாளி கையசைப்பார், ஜனங்கள் உள்ளே போய்விடுவார்கள். இருநூற்றுப் பன்னிரண்டில் அது இல்லை.

“சார், அவன் அங்கதான் நிக்கிறான். மறு அறிவிப்புக்கு நிக்கிறான்” என்றாள். அதிகாரிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் மேசைமேல் கிடந்த தன் கோட்டை எடுத்துக்கொண்டு அவரும் கூட ஓடினார்.

ஐந்து நிலையம், பதினாறு நிமிடம். அவள் ரயிலில் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பதினோராவது நிலையத்தின் இரண்டாம் வாசலில் ஏறினால், எதிரே ஒரு சின்னப் பூங்கா, அதன் வேலியோரம் குப்பைத் தொட்டிகள், தொட்டிகளுக்குப் பக்கத்தில் கம்பத்தில் பச்சைப் பலகை. அதன் நேர் கீழே அவன் நின்றுகொண்டிருந்தான். ஐந்தேகால் மணி நேரமாக. தூறல் மழையாகியிருந்தது. அரைக்கைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு நீலம். கால்சட்டை மழையில் மட்டும் நனையவில்லை. ஒரு செருப்பைக் காணோம். பக்கத்து மருந்துக்கடைப் பெண் ஒரு குடையை அவன் தலைக்கு மேல் பிடிக்க உயரம் எட்டாமல் சிரமப்பட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்க இவருக்குச் சொந்தமா?” என்றாள் அந்தப் பெண், கிட்டத்தட்ட சண்டைக்கு வருவதுபோல. “காலைலேர்ந்து நிக்கிறாருங்க. கையப் பிடிச்சா கத்துறாரு. தண்ணி குடுத்தா வாங்க மாட்டேங்கிறாரு. ஸ்டேஷன் காவலாளிகிட்ட நாலு தடவ போய்ச் சொன்னேன். கதவுக்கு வெளிய இருக்கிறது எங்க பொறுப்பில்லைன்னுட்டான்.”

கதவுக்கு வெளியே இருப்பது எவர் பொறுப்பும் இல்லை. அந்தக் காவலாளியை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும்.

“தம்பி” என்று அவன் கையைப் பிடித்தாள். பனிக்கட்டியாக இருந்தது. “வாடா. வீட்டுக்குப் போகலாம்.”

அவன் அவளைப் பார்த்தான். அடையாளம் தெரிந்தது; முகம் கோணியது. ஆனால் கால் நகரவில்லை.

“மேல அக்கா வர வேணாம்னு சொன்னா.”

“நான்தான்டா அக்கா. நான் சொல்றேன், வா.”

“மேல அக்கா சொல்லல” என்றான். பல் தந்தியடித்தது.

அவள் அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். சமையலறையில் மறைந்து நிற்பதுபோல. தொண்டையைச் செருமினாள். “பயணிகள் கவனத்திற்கு” என்று ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்து அழுகையாக வந்தது. அவன் அசையவில்லை. மேல அக்கா அழ மாட்டாள். இது அவள் இல்லை. மருந்துக்கடைப் பெண்ணும், அதிகாரியும், நின்று வேடிக்கை பார்த்த நாலைந்து பேரும் என்ன நடக்கிறதென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாயைக் கையால் பொத்தி, ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணினாள். அந்தப் பஞ்சு ஒட்டிய அறையை நினைத்துக்கொண்டாள். பிறகு, ஒரு பிசிறில்லாமல், யாரும் பதிவு செய்யாமல் விட்ட வாக்கியத்தைச் சொன்னாள்:

“பயணிகள் கவனத்திற்கு. நிலையம் மீண்டும் திறக்கப்பட்டுள்ளது. பயணிகள் அனைவரும் உள்ளே வரலாம்.”

“சரிக்கா” என்றான் அவன். ஓர் அடி எடுத்து வைத்தான், மரத்துப்போன முழங்கால் மடங்கி அவள்மேல் சாய்ந்தான். அதிகாரி இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டார். மருந்துக்கடைக்குள் கொண்டுபோய் ஈரம் துடைத்து, சூடாகக் குடிக்கக் கொடுத்து, அந்தப் பெண்ணே மருத்துவருக்குப் போன் செய்து கேட்டு, அனுப்பிவைக்க முக்கால் மணி நேரமானது. அதிகாரியின் கோட்டு அவனுக்குத் தோளில் பாதிதான் மூடியது.

கீழே கதவு சிவப்பு காட்டியது. அதிகாரி அவன் அட்டையை வாங்கிப் பார்த்தார். ஏழு மணி நான்கு நிமிடம், உள்ளே. பக்கவாட்டுக் கதவைத் திறந்து இருவரையும் விட்டார். அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

“நான் எழுதித்தான் ஆகணும் மேடம்.”

“எழுதுங்க சார்.”

“உங்க வேலைய அவங்க என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியல. நான் என்னால ஆனதச் சொல்லிப் பார்க்கிறேன். ஆனா நாளைலேர்ந்து இவர் உள்ள வரக்கூடாது. எந்த ஸ்டேஷன்லயும். எல்லா இடத்துக்கும் போட்டோ போயிடும்.”

“சரிங்க சார்” என்றாள். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பாள்.

சாயங்காலக் கூட்டம் தொடங்கியிருந்தது. யாரோ எழுந்து தம்பிக்கு இடம் கொடுத்தார்கள். அவள் அவன் முன்னால் நின்று மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேலைக்குப் போனவர்களெல்லாம் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவரவர் போனில், அவரவர் களைப்பில். கதவுகள் மூடப்படுகின்றன என்றது மேலிருந்து குரல். “சரிக்கா” என்றான் அவன், கூரையைப் பார்த்து. எதிரில் நிற்பவளை அவன் பார்க்கவில்லை. அவன் முகத்தில் காலையில் பார்த்த அதே சந்தோஷம் திரும்பிவிட்டது. அவனுக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

நாளை காலை ஏழு மணிக்கு அவனை எங்கே விடுவது? வீட்டில் பூட்டிவைத்தால் அடுப்பு இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, மூன்றாவது மாடி. விடியாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது அவளுக்கு. விடியும். அவன் எழுந்து, தானே சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, வாசலில் நிற்பான். வீட்டு அக்கா என்ன சொன்னாலும் கேட்க மாட்டான். அழுவான், முட்டுவான்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னால் தாங்க மாட்டான். இங்கேயே, இந்த ரயிலில், மேல அக்கா இருக்கும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். இறங்க ஐந்து நிலையம் இருக்கும்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், நான்கு இருக்கும்போது, மூன்று இருக்கும்போது என்று தள்ளிப்போட்டாள். இறங்க ஒரே ஒரு நிலையம் இருந்தபோது அவன் காதுக்குப் பின்னால் குனிந்து, முகத்தை அவன் பார்க்காதபடி மறைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“பயணிகள் கவனத்திற்கு. நாளை முதல் ரயில் சேவை இல்லை...”

அவன் தலையை உயர்த்தினான். கண்ணைச் சிமிட்டாமல் கூரையைப் பார்த்தான். அவள் மேற்கொண்டு ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வரவில்லை. குரல் மறுபடி உடைந்துவிடும் என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பாதியில் நின்ற அறிவிப்பு அவனுக்குப் பிடிக்காது. எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவன் ஆயிற்றே. மீதியை அவனே சொல்லி முடித்தான், அவள் குரலிலேயே, அழகாக, நிதானமாக:

“மறு அறிவிப்பு வரும் வரை.”

பிறகு, “சரிக்கா” என்றான்.